பிரிக்காத பெட்டி

அன்புத் தங்கை புருலுக்கு,

சமுதின் அண்ணன் எழுதுவது. கஸானிலிருந்து நல்லபடியாக வந்து இறங்கியிருப்பாய். வழியில் கோச்கோரில் நிறுத்தி, நீ ஏதாவது சாப்பிட்ட பிறகுதான் இந்தக் கடிதத்தைத் தரவேண்டும் என்று ஓட்டுநர் மிர்லானிடம் சொல்லியிருக்கிறேன். சாப்பிடவில்லை என்றால் இதை மடித்து வைத்துவிட்டு முதலில் சாப்பிடு. கணவாயில் பனி கொட்டுகிறது, மெதுவாகவே ஓட்டச் சொல்.

கெங்கேஷுக்கு உடம்பு சரியில்லை, உடனே வா என்று அவன் அண்ணன் அசனாலி உன்னிடம் போனில் சொன்னார். தூரத்தில் இருப்பவர்களுக்கு நாம் அப்படித்தான் சொல்வோம். நீயும் நானும்கூட எத்தனை பேருக்கு இதே பொய்யைச் சொல்லியிருக்கிறோம். மற்றதைப் பெரியவர்கள் வாசலில் வைத்துச் சொல்வார்கள், நீ வாயைத் திறக்காதே என்று எனக்குக் கண்டிப்பான உத்தரவு. ஆனால் நம் கால்நடை மருத்துவமனையைத் தாண்டியதுமே உன் வீட்டு முற்றத்தில் போட்டிருக்கும் கம்பளிக் கூடாரம் கண்ணில் படும். அதை எதற்குப் போடுவார்கள் என்று உனக்குத் தெரியும். அதைப் பார்த்தா நீ தெரிந்துகொள்ள வேண்டும்? உன் கெங்கேஷ் இன்று காலை போய்விட்டான் அம்மா.

எங்களோடு சேர்ந்து இதே வைத்தியம் படித்தவள் நீ. உன்னிடம் நெஞ்சுவலி என்று மழுப்ப முடியாது. வெறிநோய். கடைசி நான்கு நாள் அவனால் ஒரு வாய் தண்ணீர் குடிக்க முடியவில்லை.

ஏழு வாரத்துக்கு முன்னால் மேட்டு மேய்ச்சலில் ஒரு பசு. வாய் மூடவில்லை, எச்சில் ஒழுகுகிறது, எதையும் விழுங்க முடியவில்லை. கெங்கேஷ் அங்கிருந்து என்னைப் போனில் கூப்பிட்டு யோசனை கேட்டான். நான் வேறோர் இடத்தில், வயிற்றுவலியில் புரண்ட ஒரு குதிரையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். கிழங்கு தோண்டும் காலம். அந்த வாரத்தில் மட்டும் தொண்டையில் உருளைக்கிழங்கு சிக்கிய மூன்று மாடுகளைப் பார்த்திருந்தோம். இதுவும் கிழங்குதான், கையை விட்டு எடு என்றேன். வண்டிக்குப் போய்க் கையுறை எடுத்துவருகிறேன் என்றான். கஸானில் நீ வேலை செய்யும் பால்பண்ணையிலிருந்து அனுப்பிய, தோள்வரை வருமே, அந்தக் கையுறை.

நான் சும்மா இருந்திருக்கலாம். "பொண்டாட்டி அனுப்புனதை மாட்டிக்கிட்டாத்தான் மாட்டைத் தொடுவியோ? உறை போட்ட கைக்குக் கிழங்கு தட்டுப்படுமாடா? மாப்பிள்ளை மாதிரி நிக்காம கையை விடு" என்றேன். அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதிலேயே இருக்கிறது. கையை விட்டிருக்கிறான். உள்ளே கிழங்கு இல்லை. பல் கீறி விரலில் ரத்தம் வந்திருக்கிறது.

மாடு செத்துவிடும் என்று பயந்து மாட்டுக்காரர் அன்றைக்கே அறுத்துவிட்டார். தலையைச் சோதனைக்கு அனுப்ப எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. நீ இங்கே இருந்திருந்தால், அந்தப் பக்கம் வெறிபிடித்த நரி வந்ததா என்றுதான் முதலில் கேட்டிருப்பாய். வந்திருக்கிறது. இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். மாட்டுக்காரர் வீட்டில் அத்தனை பேருக்கும் ஊசி போட்டாயிற்று. நான் பார்த்த குதிரையும் பிழைத்துவிட்டது. தினமும் நம் மருத்துவமனை வழியாகத்தான் போகிறது. அதைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

படுத்த மூன்றாம் நாள், கொஞ்சம் தெளிந்திருந்தபோது, கெங்கேஷ் என்னைக் கூப்பிட்டான். "கையுறை தீர்ந்துபோச்சுன்னு புருல்கிட்ட சொல்லிருங்கண்ணே. போடலைன்னு தெரிஞ்சா திட்டுவா" என்றான். டாக்டரிடமும் அப்படியே சொல்லியிருக்கிறான். உனக்குப் பயந்து சொன்னான் என்றுதான் முதலில் நினைத்தேன். என்னைக் காப்பாற்றவே அப்படிச் சொல்லியிருக்கிறான் என்பது பிறகுதான் உறைத்தது. ஊர் முழுக்க அதை நம்பிவிட்டது. நானும் அப்படியே விட்டிருக்கலாம். முடியவில்லை. நீ வருவதும் நம் மருத்துவமனை வண்டியில்தான். உன் இருக்கைக்குப் பின்னால் ஒரு பெட்டி இருக்கும். மேலே உன் கையெழுத்து. இன்னும் பிரிக்கவே இல்லை.

கூடார வாசலில் ஆண்களோடு நானும் வழக்கப்படி தடியூன்றி அழுதுகொண்டு நிற்பேன். என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காவிட்டால் பார்க்காமலே உள்ளே போய்விடு. இனி எப்போதும் பார்க்காவிட்டாலும் சரி. ஆனால் அவன் பக்கத்தில் உட்கார்ந்து அழும்போது, ஏன் கையுறை போடவில்லை என்று மட்டும் அவனைக் கேட்டுவிடாதே அம்மா. அதை வெளியே வந்து, எல்லோர் முன்னாலும், என்னைக் கேள்.

இறைவன் உனக்குத் தாங்கும் பலத்தைத் தரட்டும்.

உன் அண்ணன்,
சமுதின்