சுகம் என்று எழுதிய கடிதம்

குருநகர்,
14.11.1986

அன்பு மகன் கனிசியஸ் அறிய அப்பா எழுதுவது,

இந்தமுறை சுகம் என்று தொடங்கமாட்டேன். உன்னை மாதாவின் கையில் ஒப்படைத்துவிட்டுத் தொடங்குகிறேன்.

புரட்டாதியில் நீ போட்ட கடிதம் போன கிழமைதான் கிடைத்தது. கள்ளப் பாஸ்போட்டில் வந்த வழக்குக்கு ஜேர்மனிக் கோட்டு நீதவான் உனக்காக வாதாட வைத்துத் தந்த அப்புக்காத்து ஐந்து மாதமாக ஒரு கடிதத்துக்கும் பதில் போடவில்லை, கந்தோருக்குப் போனால் ஆள் இல்லை என்கிறார்கள், வழக்கன்றுதான் முகத்தைக் கண்டேன் என்று எழுதியிருந்தாய். வாசிக்க எனக்கு வந்த கோபத்துக்கு அவன் பக்கத்தில் இல்லாதது நல்லது. ஆனால் அடுத்த பக்கத்தைப் புரட்டியதும் கோபம் என் மேலேயே திரும்பிவிட்டது. முகவரிக்கு அத்தாட்சியாக நீ கொடுத்த என் கடிதத்தை அந்த மனிதன் என்ன எழுதியிருக்கிறது என்றும் பாராமல் கோட்டில் கொடுக்க, எதிர்ப்பக்கத்து அப்புக்காத்து அதை மொழிபெயர்ப்பித்து வாசித்தாராம். நாங்கள் எல்லோரும் ஆண்டவர் கிருபையால் சுகம், பேதுரு தொழிலுக்குப் போய் வருகிறான் என்று. வீட்டார் சுகம், தம்பி கடலுக்குப் போய் வருகிறான், இவருக்கு மட்டும் அங்கே என்ன பயம் என்று கேட்டாராம். உன்னுடைய ஆள் வாய் திறக்கவில்லையாம்.

உவன் உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், உங்கடை அப்பா எப்பவும் இப்பிடித்தான் எழுதுவாரோ என்று. ஓம் என்று சொல்லியிருப்பாய். செத்தவீட்டுக்குள் இருந்து எழுதினாலும் நாங்கள் சுகம் என்றுதானே தொடங்குகிறோம். மகன், நான் அந்தக் கடிதத்தைச் செத்தவீட்டுக்குள் இருந்துதான் எழுதினேன். பேதுரு இல்லை. வைகாசி இருபத்தோராம் திகதி விடிய வலை எடுக்கப் போன இடத்தில் கடலில் துப்பாக்கிச் சூடு பட்டுப் போய்விட்டான். கூடப் போன சிமியோன்தான் வள்ளத்தில் கிடத்திக் கொண்டுவந்தார். அடக்கம் முடிந்து எட்டாம் நாள் உனக்கு எழுத இருந்தேன். அம்மா பக்கத்தில் வந்து நின்று, அவனுக்குச் சொல்லாதேங்கோ, அங்கை பிள்ளையைப் பிடிச்சு வைச்சிருக்க ஆர் இருக்கினம் என்றாள். அதனால் தொழிலுக்குப் போய் வருகிறான் என்று எழுதினேன். பிறகு போட்ட இரண்டு கடிதத்திலும் அப்படித்தான். அந்தப் பொய் கோடு ஏறி உனக்கு எதிராக நிற்கும் என்று கனவிலும் நினைக்கவில்லை. என்னை மன்னித்துக்கொள்.

டவுனில் வழக்குப் பேசுகிற பிறக்கிராசி நாகலிங்கத்தாரிடம் போனேன். கோடு வைச்சுத் தந்த ஆள் எண்டாலும் அவர் உங்கடை மகனுக்காக நிக்கிறவர்தான், அசையாட்டில் நீதவானுக்கே எழுதி வேறை ஆளைக் கேக்கச் சொல்லுங்கோ என்றார். ஆகவே அந்த மனிதனுக்கு நீ போட்ட கடிதங்களின் திகதியை எல்லாம் எழுதி, நீதவானுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பு, கொப்பி வைத்துக்கொள். தை இருபதாம் திகதி வழக்குக்கு முன் போய்ச் சேர வேண்டும், பஞ்சிப்பட்டு நாளைக் கடத்தாதே. பேதுருவின் மரண அத்தாட்சிப் பத்திரமும் அடக்கம் செய்ததாகப் பங்குச் சுவாமி எழுதித் தந்த துண்டும் இத்துடன் வருகின்றன. இந்தக் கடிதத்தையும் கோட்டில் கொடு, முதல் வரியிலிருந்து வாசிக்கச் சொல்லு.

நான் இப்போது கடலுக்குப் போவதில்லை, கரையில் இருந்து மற்றவர்களுக்குக் கிழிந்த வலை பொத்திக் கொடுக்கிறேன். அம்மா அன்றிலிருந்து மீன் தொடுவதில்லை. அக்கா அற்புதராணி பிள்ளையோடு எங்களோடுதான் இருக்கிறாள். இதை எழுதப்போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். எழுதுங்கோ, இருக்கிற பிள்ளையையாவது பாப்பம் என்றாள். இனி நீயும் எங்களுக்குச் சுகம் என்று ஒப்புக்கு எழுதாதே, உள்ளதை எழுது. குளிருக்குக் கழுத்தை மூடிக்கொண்டு போ. அங்கே கோயில் இருந்தால் தம்பிக்கு ஒரு பூசை கொடு.

இது கிடைக்கிற அன்றைக்கு ஒருவரிடமும் போகாதே, மகன். அன்றைக்கு இருந்து அழு. பத்திரத்தை மறுநாள் கொண்டுபோய்க் கொடு.

மாதா உன்னைத் தன் சேலைக்குள் வைத்துக் காப்பாளாக.

உன் அப்பா,
ம. செபநாயகம்