பத்து மணி நேர அனுமதி

அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் நலம்.

உங்கள் ஆபரேஷனுக்காக நான் கேட்ட விடுப்பை மேலாளர் நிறுத்தி வைத்திருந்தார். எனக்கு வரவேண்டிய நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான். அலுவலகப் பொதுக் கணினியிலிருந்து கோப்புகளை நகலெடுக்க நான் எழுதிய நிரல், தினமும் பாதியில் “அனுமதி இல்லை” என்று நின்றது.

“பாஸ்வேர்டைக்கூட ஒழுங்கா போடத் தெரியலையா சார்? சரி பண்ணிட்டு ஊருக்குப் போங்க” என்றார். மூன்று முறை பாஸ்வேர்டை மாற்ற வைத்தார். நானே நுழைந்து பார்த்தால் ஒவ்வொரு முறையும் திறந்தது.

நின்ற நேரங்களைக் குறித்துப் பார்த்தேன். காலை எட்டுக்குத் தொடங்கினால் மாலை ஆறுக்கு நின்றது; ஒன்பதுக்குத் தொடங்கினால் ஏழுக்கு. ஒருமுறை நுழைந்தால் பத்து மணி நேரம்தான் அனுமதி. வேலையோ பதினான்கு மணி நேரம். கணினிப் பதிவைப் பார்த்தால், அந்தக் கெடுவைப் போன மாதம் யாரிடமும் சொல்லாமல் வைத்தவரே மேலாளர்தான்! நடுவில் அனுமதியைப் புதுப்பிக்கும்படி நிரலை மாற்றினேன். நேற்று முழுதாக ஓடி முடிந்தது.

“நான் அப்பவே நினைச்சேன்” என்றார்.

“நினைச்சதைச் சொல்லியிருந்தா நாலு நாள் மிச்சம் சார்” என்று விடுப்புத் தாளை நீட்டினேன். கையெழுத்துப் போட்டார்.

டாக்டரிடம் கேட்க வேண்டியதை எழுதி வையுங்கள். இங்கே வேலையைத் தவிர வேறெதுவும் பேச ஆளில்லை; வந்து உங்களோடும் பேச வேண்டும். டாக்டரிடம் நானே நிதானமாகக் கேட்கிறேன். வியாழன் காலை வந்துவிடுவேன். அதுவரை மாடிப்படி ஏறாதீர்கள்.

அவசரமாக,
உங்கள் மகன்