பரங்கிக்காய்க்குள் பேசியது யார்?

என் அன்புக்கும் கேலிக்கும் உரிய மாமாவுக்கு,

உங்கள் குட்டு உடைந்துவிட்டது. எப்படி உடைந்தது, யார் உடைத்தார்கள் என்பதையெல்லாம் சொல்லத்தான் இந்தக் கடிதம். மாலை போட்ட போட்டோவுக்குள் அப்படிச் சிரித்துக்கொண்டு இருக்கிறீர்களே, அந்தச் சிரிப்பு எதற்கு என்று எனக்கு இப்போதுதான் புரிந்தது.

முதலில் வீட்டுச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் போனதிலிருந்து அக்கா பள்ளிக்கூடத்துப் பக்கமே வரவில்லை. சிதம்பரத்தில் நானும் அவளுமாகப் பார்த்துக்கொண்டிருந்த யு.கே.ஜி. வகுப்பை இப்போது நான் ஒருத்தியாக மேய்க்கிறேன். தாளாளர் அம்மா நல்ல மாதிரிதான். ஆனால் அவரும் எவ்வளவு நாள் பொறுப்பார்? மார்கழி பிறந்ததும் என்னைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

“பொங்கல் லீவு முடிஞ்சு ஸ்கூல் தொறக்கறப்ப தேன்மொழி வரணும் கயல். இல்லன்னா வேற மிஸ்ஸத்தான் போடணும். தப்பா எடுத்துக்காத.”

அக்காவிடம் போய்ச் சொன்னேன். கெஞ்சினேன், சண்டை போட்டேன், இரண்டு நாள் பேசாமல்கூட இருந்து பார்த்தேன். எல்லாவற்றுக்கும் “பாக்கலாம்” என்றாள். அக்காவின் “பாக்கலாம்” உங்களுக்குத் தெரியாததா? ஸ்கூட்டர் வாங்க வேண்டும் என்று நீங்கள் கேட்டபோதும் அதைத்தானே சொன்னாள்? கடைசிவரை சிதம்பரத்திலிருந்து கடலூர் சிப்காட்டுக்கு பஸ்ஸில்தானே போய்வந்தீர்கள்?

இந்த நேரத்தில்தான் பரங்கிக்காய் தினம் வந்தது. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இதைத் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். வருஷா வருஷம் பொங்கலுக்கு முந்தின வாரம், எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு நாள் முழுக்கப் பரங்கிக்காய்தான் பாடம். ஆரஞ்சுத் தாளைக் கீற்றுக் கீற்றாக வெட்டி, வளைத்து ஒட்டினால் காகிதப் பரங்கிக்காய். பச்சைத் தாளைப் பென்சிலில் சுற்றி உருவினால் கொடிச்சுருள். வாளித் தண்ணீரில் காயைப் போட்டால் மிதக்குமா, மூழ்குமா? சீசா பலகையில் ஒரு பக்கம் காயும் ஒரு பக்கம் பிள்ளையும் உட்கார்ந்தால் யார் கீழே போவார்கள்? கடைசியில் காயை வெட்டி, விதையை அலசிக் காயவைத்து, பத்துப் பத்தாக எண்ணுவோம்.

அந்த வெட்டுக்குத்தான் நீங்கள், பிள்ளைகளின் ‘பரங்கி மாமா’. முழுப் பரங்கிக்காயைப் பெண்கள் வெட்டக்கூடாது, ஆண் கை ஒரு கீறலாவது போட வேண்டும் என்பது எங்கள் ஆயாம்மாவின் சட்டம். பள்ளிக்கூடத்திலோ டீச்சர்கள் எல்லோரும் பெண்கள். அதனால் கம்பெனியில் லீவு போட்டுவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு கல்யாண மாப்பிள்ளை மாதிரி வந்து நிற்பீர்கள். சும்மா வெட்டிவிட்டுப் போயிருந்தால் பரவாயில்லை. மேஜைமேல் இருக்கும் காயை விரல் முட்டியால் தட்டி, காதை அதில் வைத்து, “உள்ள யாரு?” என்று கேட்பீர்கள்.

சளி பிடித்த மாதிரி கட்டையாக ஒரு குரல் வரும். “நான்தான்... எவன்டா அவன், தூங்க விடாம?”

பிள்ளைகள் வகுப்பு அதிரக் கத்துவார்கள். “பரங்கிக்காய், நீ என்ன சாப்ட்ட?” என்று ஒரு வாண்டு கேட்கும். “மண்ணு சாப்ட்டேன், தண்ணி குடிச்சேன், தொட்டுக்க கொஞ்சம் வெயிலு” என்று பதில் வரும். நாங்கள் ஒரு மாதம் தொண்டை கிழியக் கத்தினாலும் ஏறாத பாடம் அதில் ஏறிவிடும். பக்கத்தில் அக்கா தாம்பாளத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, சிரிப்பை அடக்க முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பாள். உதடு அசையாமல் எப்படிப் பேசுகிறார் மனுஷன் என்று பெற்றோர்கள் எல்லாம் உங்களைப் பார்த்து வியப்பார்கள். நீங்களும் வெட்கப்பட்டுக்கொண்டு தலையைக் குனிவீர்கள். அந்த வெட்கத்தைத் தன்னடக்கம் என்று நம்பினேனே மாமா, என்னைச் சொல்ல வேண்டும்.

இந்த வருஷம் காய் வாங்குவதும் என் தலையில் விழுந்தது. நீங்கள் என்றால் குறிஞ்சிப்பாடி சந்தை வரைக்கும் போய், காம்பைக் கிள்ளிப் பார்த்து வாங்குவீர்கள். நான் கடலூரிலேயே திருப்பாப்புலியூர் மார்க்கெட்டில் இருந்ததிலேயே பெரியதாக ஒன்றை வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு சிதம்பரம் பஸ்ஸில் உட்கார்ந்தேன். கண்டக்டர் ஒரு பார்வை பார்த்தார்.

“கைக்கொழந்தன்னா டிக்கெட் வேணாம்மா. இதுக்கு லக்கேஜ் போடணும்.”

“அண்ணே, இதுவும் ஸ்கூலுக்குத்தான் போவுது.”

“அப்ப பஸ் பாஸ் எங்க?” என்றார். பஸ்ஸே சிரித்தது.

புதுச்சத்திரம் பக்கம் எதிரே கடலூர் பஸ் வந்தது. உங்கள் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டதில், ஜன்னலில் கையை நீட்டி ஆட்டினேன். காலையில் நீங்கள் வேலைக்குப் போகும்போது, கடலூரிலிருந்து நான் எந்த பஸ்ஸில் வருகிறேன் என்று தெரியாமல், எதிரே வரும் எல்லா பஸ்ஸுக்கும் கையாட்டுவீர்களாமே? அக்காதான் சொன்னாள். அன்றைக்கு யாரோ ஒருவர் எனக்குப் பதிலுக்கு ஆட்டினார். அந்த பஸ் மறைகிற வரைக்கும் நானும் ஆட்டிக்கொண்டே இருந்தேன்.

காலையில் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. காகிதப் பரங்கிக்காய்க்குக் கண்ணும் வாயும் வரையச் சொன்னேன். ஊரில் புது வீடு கட்டுகிற இடத்திலெல்லாம் திருஷ்டிப் பூசணிக்காய் தொங்குகிறதல்லவா? பிள்ளைகள் பார்த்த முகம் அதுதான். ஒன்று விடாமல் எல்லாக் காய்க்கும் முறுக்கு மீசை, கோரைப் பல், முழ நீளத்துக்கு நாக்கு. வகுப்பில் கயிறு கட்டி வரிசையாகத் தொங்கவிட்டோம். எங்கள் வகுப்புக்கு இனி யார் கண்ணும் படாது. வாளியில் காயைப் போட்டபோது, மூழ்கும் என்று சொன்ன நானும் ஆயாம்மாவும் தோற்றோம். அது ஜம்மென்று மிதந்தது.

வெட்டும் நேரம் வந்ததும்தான் வில்லங்கம். வேன் டிரைவரைக் கூப்பிட்டேன். அவர் இரண்டடி பின்னால் போனார். “என் வீட்டுக்காரி மாசமா இருக்கா மிஸ். நான் இத வெட்டுனா எங்கம்மா என்னை வெட்டிடும்.” இது சாம்பல் பூசணி இல்லை, பரங்கிக்காய்தானே, இதற்குமா சட்டம் என்று தாளாளர் அம்மா கேட்டார். “பூசணியும் பரங்கியும் அண்ணந்தம்பி இல்லியா?” என்று ஆயாம்மா கேட்டார்.

கடைசியில் ஜோயலின் அப்பா தாமஸ் சார் முன்வந்தார். சிப்காட்டில் ஏதோ ஒரு கம்பெனியில் பாதுகாப்பு அதிகாரி. “எங்களுக்கு இந்த சாங்கியமெல்லாம் கெடையாது, நான் வெட்றேன்” என்று சட்டைக் கையை மடித்தார். அப்பாடா என்றிருந்தது. ஆனால் மனுஷன் கத்தியைத் தொடவில்லை. மேஜை ஆடுகிறது என்று காலுக்கு அட்டை மடித்து வைத்தார். சாக்பீஸால் வட்டம் போட்டு, அதற்குள் யாரும் வரக்கூடாது என்றார். வண்டியிலிருந்து கிளவுஸும் கண்ணாடியும் எடுத்து வந்து மாட்டினார். பரங்கிக்காய்க்கு ஆபரேஷன் நடக்கப்போகிறது என்று பிள்ளைகள் மூச்சு விடாமல் பார்த்தார்கள்.

அப்போதுதான் நிலா எழுந்தாள். போன வருஷம் எல்.கே.ஜி.யில் முதல் வரிசையில் உட்கார்ந்து, உங்கள் வேட்டியைப் பிடித்து இழுத்தாளே, அதே நிலா.

“உள்ள யாருன்னு கேக்காமயே வெட்றீங்க!”

தாமஸ் சார் தட்டினார். பதில் இல்லை. சமாளிக்கலாம் என்று அவரே குரலை மாற்றி, “ஹலோ சில்ரன், ஐ யம் பம்ப்கின்” என்றார். “இது நம்ப பரங்கிக்காய் இல்ல” என்று நிலா தீர்ப்பு சொன்னாள். நான் முயற்சி செய்தேன். ஆடு கத்துகிற மாதிரி வந்தது. ஜோயல் மட்டும் இரக்கப்பட்டுக் கைதட்டினான்.

“மிஸ், அதுவும் பரங்கி மாமா மாதிரி செத்துப்போச்சா?” என்று கேட்டுவிட்டு நிலா அழ ஆரம்பித்தாள். ஒரு பிள்ளை அழுதால் வகுப்பே அழும் என்பதுதான் உங்களுக்குத் தெரியுமே. வட்டத்தைத் தாண்டிப் போய் எல்லோரும் காயைக் கட்டிக்கொண்டார்கள். “பசங்க இப்படி சுத்தி நின்னா நான் கத்தியவே எடுக்க மாட்டேன்” என்று தாமஸ் சார் கிளவுஸைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. அக்காவுக்கு போன் போட்டேன். நான் எதையும் சொல்வதற்கு முன்னால், “யாருடி அழறது?” என்றாள்.

“நிலா. அப்பறம் எல்லாரும். பரங்கிக்காய் பேச மாட்டேங்குதாம்.”

போனை வைத்துவிட்டாள். அவ்வளவுதான், இனி வரமாட்டாள் என்று நினைத்தேன். அடுத்த தெருதானே உங்கள் வீடு, நான் பாதிப் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்து முடிப்பதற்குள் வாசலில் வந்து நின்றாள். தலையை அள்ளி முடிந்தபடி, வீட்டுப் புடவையில் வந்திருந்தாள். காலில் பார்த்தேன். அவசரத்தில் உங்கள் செருப்பை மாட்டிக்கொண்டு வந்திருக்கிறாள் மாமா. பாதி செருப்பு பின்னால் வாலாட்டியது.

“தேன்மொழி மிஸ்!” என்று எல்லோரும் ஓடிப் போய் அவள் காலைக் கட்டிக்கொண்டார்கள். அவர்களையும் இழுத்துக்கொண்டே அக்கா நகர்ந்தாள். மேஜைக்குப் பக்கத்தில் எப்போதும் நிற்கும் இடத்தில் போய் நின்றாள். நிலா விசும்பிக்கொண்டே ஒரு நாற்காலியில் ஏறி, தன் குட்டி முட்டியால் காயைத் தட்டினாள்.

“உள்ள யாரு?”

காதை அதில் அழுத்திக்கொண்டாள். அப்புறம் சளி பிடித்த அந்தக் கட்டைக் குரல் வந்தது.

“நான்தான்... எவ அவ, தூங்க விடாம?”

எனக்கு மயிர்க்கூச்செடுத்துவிட்டது மாமா. நீங்கள்தான் வந்துவிட்டீர்கள் என்று ஒரு நொடி நிஜமாகவே திரும்பிப் பார்த்தேன். அங்கே அக்கா நின்றாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, வருஷா வருஷம் நின்ற அதே மாதிரி.

பிள்ளைகள் போட்ட கூச்சலில் மீசைப் பரங்கிக்காய்கள் எல்லாம் ஆடின. “ஏன் இவ்ளோ நேரம் பேசல?” என்று நிலா கேட்டாள்.

“காது அடச்சிருந்துச்சி. நீ சரியா தட்டுன, கேட்டுச்சி.”

“பரங்கி மாமா எங்க?”

குரல் கொஞ்சம் தடுமாறியது. “அவரா? அவரு வெத போடப் போயிருக்காரு. போன எடத்துல நெறைய எடம் சும்மா கெடக்குதாம். வர மாட்டாரு.”

நிலா யோசித்துவிட்டு, சரி என்று தலையாட்டினாள். தாமஸ் சார் எழுந்து நின்று, பரங்கிக்காயைப் பார்த்து மிகவும் மரியாதையாக, “அப்ப வெட்டலாங்களா?” என்றார்.

“மொதல்ல அந்த கிளவுஸ கழட்டுய்யா. கூச்சமா இருக்கு.”

“ஆம்பளைதான் வெட்டணும்னு...” என்று ஆயாம்மா இழுத்தார்.

“எனக்கு ஆம்பள என்ன, பொம்பள என்ன? கத்தி தீட்டியிருக்கான்னு மட்டும் பாரு. தேன்மொழி மிஸ்ஸே வெட்டட்டும்.”

ஆயாம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். காயே சொன்ன பிறகு மேல் முறையீடு ஏது? அக்கா முந்தானையை இறக்கிச் செருகினாள். கத்தியை வாங்கி, ஒரே அழுத்தில் இரண்டாகப் பிளந்தாள். உள்ளே விதை சும்மா குவியலாக இருந்தது. பிள்ளைகள் முழங்கை வரை கையை விட்டு அளைந்தார்கள்.

மாலையில் விதையைத் தாளில் பரப்பிக்கொண்டிருக்கும்போது அக்காவைப் பிடித்துக்கொண்டேன். “எத்தினி வருஷமாக்கா இந்த மோசடி?”

“மொத வருஷத்துலேருந்து” என்றாள். “அவரு ஜோரா ‘உள்ள யாரு’ன்னு கேட்டுட்டாரு. அப்பறம் என்ன பேசறதுன்னு தெரியாம முழிச்சாரு. பசங்க வேற வாயப் பாத்துகிட்டிருக்குதுங்க. நான்தான் சமாளிச்சேன். எல்லாரும் அவர பாராட்டுனாங்களா, அவரு மூஞ்சியப் பாக்கணுமே! சரி, இருந்துட்டுப் போவட்டும்னு விட்டுட்டேன்.”

“அப்ப நீ வந்து பேசியிருக்கலாமே? எதுக்கு வீட்டுலயே கெடந்த?”

அவள் விதையை நிரவிக்கொண்டே இருந்தாள். “அவரு கேப்பாரு, நான் சொல்லுவேன். கேக்க ஆள் இல்லாம நான் எப்படிடி பேசறது?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை மாதம் நான் அவளிடம் வா, வா என்றேன், எழுந்திரு என்றேன். தட்டிக் கேட்கவே இல்லை.

பொங்கல் லீவு முடிந்து திறந்த அன்று அக்கா வகுப்பில் இருந்தாள். சொந்தச் செருப்போடு. அந்த விதைகளில் சிலவற்றைப் பள்ளிக்கூடத்து வேலி ஓரம் ஊன்றியிருக்கிறோம். தினமும் காலையில் நிலா குனிந்து மண்ணைத் தட்டிவிட்டுத்தான் வகுப்புக்கு வருகிறாள்.

மாமா, உங்கள் ரகசியத்தைப் பிள்ளைகளிடம் சொல்ல மாட்டேன். இங்கே எழுதிவிட்டேனே என்று பதற வேண்டாம். அவர்கள் இப்போதுதான் ‘ப’ எழுதப் பழகுகிறார்கள், இதைப் படிக்க இன்னும் நாளாகும். அதுவரை நீங்கள்தான் பரங்கி மாமா. இன்னொரு வாக்கும் தருகிறேன். வருஷா வருஷம் காயை நான் தட்டுகிறேன். மற்ற நாளில் அக்கா பேச்சு குறைந்து, முகம் வாடி உட்கார்ந்தால், அவள் தோளிலும் தட்டி, “உள்ள யாரு?” என்று கேட்கிறேன். அவள் பதில் சொல்கிற வரைக்கும் விட மாட்டேன்.

இத்தனை வருஷம் உங்கள் உதட்டையே பார்த்து ஏமாந்த மச்சினிச்சி,
கயல்