மன்னர் பட்டமும் ஏட்டில் சுருங்கியது

வானம் பொய்யாதிருக்க, ஏரி நிறைந்திருக்க, எழுத்தாணி முனை மழுங்காதிருக்க. வெண்கோட்டு நாடாளும் கோமான், பேரவையில் மூன்றாண்டு அமர்ந்து தேர்வு கொடுத்து வென்ற நூற்கடல் மாறவேள் திருவாய் மலர்ந்தருளியபடி, ஓலைநாயகம் வெளியன் எழுதுவது. தென்கரைச் சுவடிச்சாலைத் தலைவர் நூற்கடல் பெருஞ்சாத்தர் கண்டு தெளிக. தங்கள் கரை செழிக்க. தங்கள் ஏடுகளைச் செல் அரிக்காதிருக்க.

நூறு ஊர்களுக்கு அனுப்பவென்று மருத்துவ நூலொன்று தலைநகர்ச் சுவடிச்சாலையில் படியெடுக்கப்பட்டது. 'நூற்கடல்' என்னும் கற்றோர் பட்டம் முதன்முறை முழுதாகவும், பின்பு 'நூ.க.' என்று சுருக்கமாகவும், எவர்க்கும் ஒன்றுபோல் வரவேண்டுமென்பது மன்னர் இட்ட விதி. விதி இட்டால் ஆயிற்றா? நாற்பது எழுத்தரும் தத்தம் ஆசானின் பட்டத்தை ஏடுதோறும் நீட்டி, அடுத்தவர் ஆசானுடையதை மட்டும் விதிப்படி நறுக்கிவிட்டனர். கேட்டால் குருபக்தியாம். முதற்படிகள் சென்ற இரண்டு ஊர்களில், நீண்ட பட்டத்தார் மருந்தே மருந்தென்று நோயாளிகள் பிற மருந்தைத் தொட மறுத்தனர்.

தலைமைத் திருத்துநர் கொற்றி படிகளையெல்லாம் திரும்ப வாங்கி மாற்றி எழுதுவித்தாள். தம் ஆசானைக் குட்டையாக்கிவிட்டதாக மூத்த எழுத்தர் நன்னன் முறையிட, அவர் குட்டையாகவில்லை ஐயா, எல்லாரோடும் ஒரே பாயில் அமர்ந்தார், அவ்வளவே என்றாளாம்.

எஞ்சியது மன்னரின் முகவுரை. மூன்று ஏட்டிலும் பட்டம் முழுதாக நின்றது. அதை விட்டால் விதி எளியோர்க்கே என்று நாற்பது வாயும் சொல்லும். தொட்டாலோ பணிநீக்கமே; அவள் எழுத்தாணி சாலை வாயிலிலேயே முறிக்கப்படும், இருபதாண்டு உழைப்பு அன்றோடு முடியும். பழி பிறர்மேல் விழாதிருக்க, இரண்டாம் ஏட்டைத் தன் கையாலேயே எழுதி மாற்றினாள். மூன்றாம் ஏட்டில் கை எழவில்லை.

நன்னன் சும்மா இருப்பாரா? ஏடுகளை அவைக்கே சுமந்து சென்றார்.

நூ.க. மாறவேள் இரண்டாம் ஏட்டைப் படித்தார்; முகம் மாறவில்லை. மூன்றாம் ஏட்டில் விரல் நின்றது. கொற்றியை அழைப்பித்து, இதை விட்டது அயர்வாலா, அச்சத்தாலா என்று வினவினார். அச்சத்தால் என்றாள் கொற்றி. மன்னர் அவளுடைய எழுத்தாணியையே கேட்டு வாங்கி, மூன்றாம் ஏட்டைத் தாமே சுருக்கி எழுதி, ஆணியை அவள் கையிலேயே திருப்பித் தந்தார். எழுத்து சற்றே கோணல். எவரும் சொல்லவில்லை, யாமும் சொல்லவில்லை. தன் விதிக்குத் தானே தலை வணங்கும் கோமான் வேறெந்த நாட்டுக்கு வாய்த்தான்?

ஆகவே நூ.க. பெருஞ்சாத்தரே, இவ்வோலை சேர்ந்த நாள்முதல் தங்கள் சாலையிலும் இம்முறையே நடக்க. தங்கள் வாயிற்படியிலும் குளத்துப்படியிலும் தங்கள் பட்டம் முழுதாக வெட்டப்பட்டிருப்பதாகக் கேள்வி. கல் ஏடன்று, அதில் யாம் தலையிடோம். ஏட்டில் நீட்டினால் கொற்றி நேரில் வருவாள்.

வேங்கை முத்திரை பதிந்தது. இது ஆணை.

நூ.க. மாறவேள்