வேட்டி வாங்காமல் போன மச்சான்

அக்கா,

செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு ஜீவனும் நம்ப முடியாத கதை ஒன்றை இந்த மடலில் எழுதப்போகிறேன் என்று மாமல்லபுரத்துக் கடல்மீதும், எனக்கு மிச்சமிருக்கும் முன்பற்கள்மீதும் ஆணையிட்டுத் தொடங்குகிறேன். உன் இறுதி ஊர்வலத்தின் கதை. நீ அங்கேதான் படுத்திருந்தாய் என்றாலும் எதையும் பார்க்கவில்லை. பார்த்தவன்தானே எழுத வேண்டும்?

எழுதச் சொன்னது உன் டிவி. உன் கேளம்பாக்கம் ஃபிளாட்டைக் காலிசெய்தபோது உன் மகன், "இத நீங்க எடுத்துக்கோங்க மாமா, வூட்ல வெச்சா அம்மா அந்தப் பக்கமே வராது" என்று அதை ஆட்டோவில் ஏற்றிவிட்டான். நேற்றுதான் மாட்டினேன். சுவிட்சைப் போட்டதும், நீ பாதியில் நிறுத்திய அந்த வெளிநாட்டுத் தொடர் வந்து நின்றது. விட்ட இடத்திலிருந்து பார்க்கிறாயா என்று கேட்டது. அதற்கு இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை. நானும் சொல்லவில்லை.

அந்தத் தொடரை உனக்குக் கண்டுபிடித்துத் தந்த மாமேதை நான். அந்தரத்தில் நிற்கும் உருண்டைப் பாறையை எங்கள் கொள்ளுத்தாத்தா முதுகு கொடுத்து நிறுத்தினார் என்று சுற்றுலாக்காரர்களுக்குச் சொல்லிப் பிழைக்கும் வழிகாட்டி. என்னிடம் பாறை பார்க்க வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி சொன்ன கதை அது. அமெரிக்காவில் ஒரு யூதக் குடும்பம். பிள்ளைகள் வளர்ந்து ஆளாகிவிட்டார்கள். வயதான அப்பா ஒருநாள் அவர்களை உட்காரவைத்து, நான் பிறந்ததிலிருந்தே பெண்தான் என்கிறார். கேட்டதும் தொடரின் பெயரை என் உள்ளங்கையிலேயே எழுதி வாங்கிக்கொண்டேன். ஏனென்றால் அந்தக் காட்சியை நான் செங்கல்பட்டில் நேரில் பார்த்திருந்தேன்.

நீ அணுமின் நகரியத்து ஆபீஸ் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற மாதம். எங்களை எல்லாம் கூடத்தில் கூப்பிட்டு உட்காரவைத்து, நானும் பெண்தான் என்று சொன்னாய். உன் மகன் எழுந்து வெளியே போய் பைக்கை ஸ்டார்ட் செய்தான். எங்கும் போகவில்லை, உறுமவிட்டுக்கொண்டே நின்றான். உன் மனைவி, என் சொந்த அக்கா, சமையலறைக்குள் போய் மிக்ஸியைப் போட்டாள். அதில் ஒன்றும் இல்லை. காலி மிக்ஸி ஓடிய சத்தத்தில்தான் நீ பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாய். அதற்குப் பிறகு அவள் உன்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

நீ தனியாகக் குடியேறிய கேளம்பாக்கத்துக்கு முதல்முறை வந்தபோது பழக்கத்தில் "மாமா" என்றேன். "அப்டிக் கூப்ட்டா டீ கெடையாது" என்றாய். டீக்காக அரசாங்கத்தையே கவிழ்ப்பவன் நான். அன்றிலிருந்து நீ அக்கா. 'நீங்கள்' எல்லாம் பால்கனி வழியாகப் பறந்துபோயிற்று.

ஞாயிறுதோறும் தொடர் பார்ப்போம். அவர்கள் பேச்சின் வேகம் உனக்குப் பிடிபடாது.

"இன்னாடா சொல்றான் பெரியவன்?"

"சொத்தப் பிரிச்சுக் குடுன்றான்க்கா."

"அட்ச்சு வுடாதடா. அவன் அழுதுகினு கீறான்."

ஒரு ஞாயிறு அந்த வீட்டில் சாவு. கண்ணாடிகளை எல்லாம் துணி போட்டு மூடினார்கள். ஏழு நாள் வீட்டோடு உட்கார்ந்து துக்கம் காப்பார்களாம். வருகிறவர்கள் சாப்பாடு கொண்டுவருவார்களாம். நீ நிறுத்திவிட்டு அந்த மூடிய கண்ணாடியையே பார்த்தாய்.

"நல்ல சனம்டா. சாவு வூட்ல மூஞ்சியே வேணான்றாங்க. நாம மூஞ்சிய பேனர் அட்ச்சு தெருவெல்லாம் கட்றோம். எனக்கு எந்த மூஞ்சிய போடுவானுங்க?"

"என் மூஞ்சியப் போடச் சொல்றேன்க்கா. கூட்டம் சேரும்."

சிரித்தாய். சிரிப்பு அடங்கியதும் கேட்டாய்: "மூஞ்சி போவட்டும். எனக்குப் பொறந்த வூட்டுக் கோடி யாருடா போடுவா?"

நம் பக்கத்தில் ஒரு பெண் செத்தால் அவள் பிறந்த வீட்டிலிருந்து புதுப்புடவை வந்தாக வேண்டும். அந்தக் கோடி வந்து மேலே போர்த்தாமல் எடுக்க மாட்டார்கள். செத்தது ஆண் என்றால் மச்சான்காரன் அவருக்கு வேட்டியும், தாலியிழக்கும் தன் சகோதரிக்கு ஒரு புடவையும் கொண்டுபோவான். முறைப்படி நான் உனக்கு வேட்டிக்காரன். புடவை கொண்டுவர வேண்டிய உன் கூடப்பிறந்தவர்களோ, உன் போன் நம்பரைக்கூட அழித்துவிட்டவர்கள்.

"நான் போடுறேன். காஞ்சிபுரத்துத் தறியெல்லாம் ஒரு மாசம் லீவு வுடுற மாதிரி ஒரு பொடவ."

"வாயாலயே நெய்வ நீ."

"இன்னா கலரு, சொல்லு."

"கிளிப்பச்ச." யோசிக்கவே இல்லை நீ. "ஆபீஸ் பஸ்ஸுல முன்சீட்டு பொம்பளைங்களுக்கு. அதுல ஒரு அம்மா கட்டிகினு வரும். ரிடையர் ஆவுற வரிக்கும் பின்சீட்லேர்ந்து பார்த்துகினே வந்தேன்."

இனி ஊர்வலத்தின் கதை. நீ போன அன்று வேடந்தாங்கலின் நாரைகளும் கூழைக்கடாக்களும் ஏரியைக் காலிசெய்துவிட்டு உன் வீட்டு மொட்டைமாடியில் வரிசையாக வந்து உட்கார்ந்தன. ஜனம் விட்ட கண்ணீரில் நெம்மேலிக் கடல் இன்னும் கரித்து, அங்கே கடல்நீரைக் குடிநீராக்குகிறவர்கள் தலையில் கைவைத்துவிட்டார்கள். கேளம்பாக்கத்து ஷேர் ஆட்டோக்கள் எல்லாம் ஹாரன் அடிக்காமல் பின்னால் வந்தன. இது ஒன்றுக்காகவே என்னைப் புளுகன் என்பார்கள். நீயே வைத்துக்கொண்ட பெயர், பஸ் ஸ்டாண்டிலிருந்து ரயில் நிலையம்வரை பேனர் பேனராக. மகாராணியைப் போல, பிறந்த வீட்டுக் கோடி போர்த்தி உன்னை வாசலுக்குக் கொண்டுவந்தோம்.

சரி. நீ சிரிக்கவில்லை என்று தெரிகிறது.

நடந்தது இதுதான். மாரடைப்பில் போய்விட்டாய் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதும் உன் மகன் உன்னைச் செங்கல்பட்டுக்குக் கொண்டுபோய்விட்டான். நான் துணிக்கடைக்குப் போய்விட்டு வந்து சேர்வதற்குள், நீ ஆசையாய் வளர்த்த முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். சட்டை, வேட்டி, நெற்றி நிறைய திருநீறு. பேனரில் ஆபீஸ் அடையாள அட்டையின் மீசை முகம். பழைய பெயர், முன்னால் 'திரு'.

"மச்சான்காரன் வந்துட்டான், கோடிய வாங்குங்க" என்றார் உன் பங்காளி ஒருவர். பையைத் திறந்து பார்த்தவர் என்னைப் பார்த்தார்.

"இன்னாடா ரெண்டும் பொடவயா கீது? வேட்டி எங்க?"

"வேட்டி வாங்கல."

"சாவு வூட்டுக்குக் குட்ச்சிட்டு வந்துகீறான். டேய், எவனாவது ஓடிப்போய் ஒரு வேட்டி வாங்கியாங்கடா!"

உலகத்துக்கே பொய் சொல்லும் எனக்கு அந்த நேரத்தில் ஒரு பொய்யும் வரவில்லை. உன் மகன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "வேணாம் மாமா. அப்பாவ நல்லபடியா அனுப்பிடலாம். இதுக்குமேல தாங்காது எனக்கு."

உன் தலைமாட்டில் என் சொந்த அக்கா. கடைசியாக ஒருமுறை என்று அவளுக்குப் பூவும் மஞ்சளும் அள்ளி வைத்திருந்தார்கள். அவள் எழுந்து வந்து பையிலிருந்த கிளிப்பச்சையைத் தொட்டாள்.

"இது எனக்கா?"

"ஒனக்கு அந்த சாம்பல் கலரு. இது பொறந்த வூட்டுக் கோடி."

"யார் பொறந்த வூடு?"

"நான்தான்" என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை, உன்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அதை உதறிப் பிரித்து, வேட்டிக்குமேல் கழுத்திலிருந்து கால்வரை போர்த்தி, ஓரங்களை உன் உடம்புக்கடியில் செருகினாள். பங்காளிகள் கத்தினார்கள்.

"கோடின்னு வந்துட்டா போடாம அனுப்பக்கூடாது" என்றாள். "வேற மொற தெரிஞ்சவன் எவனாவது இருந்தா முன்னால வந்து சொல்லு."

யாரும் வரவில்லை.

வாசலில் வண்டிக் கதவைச் சாத்துமுன் உன் மகன் புடவையை எடுத்துவிட்டான். வீசி எறியவில்லை, நிதானமாக மடித்து என் கையில் கொடுத்தான். நீ எரிந்தது வேட்டியில்தான். சுடுகாட்டில் கூப்பிட்டதும் பழைய பெயரைத்தான். புடவை என் பீரோவில் இருக்கிறது. அவன் மடித்த மடிப்பை நான் இன்னும் பிரிக்கவில்லை.

பறவைகள் பொய், அக்கா. கடல் பொய், ஆட்டோக்கள் பொய், பேனர்கள் எல்லாவற்றையும்விடப் பெரிய பொய். கூடத்திலிருந்து வாசல்வரை நீ கிளிப்பச்சையில் போனாய். அந்தக் கொஞ்ச தூரம் மட்டும் உண்மை.