குழாயில் நீ அடித்த அடி

என் உயிரான அண்ணனுக்கு,

உன்னைப் புதைத்த மண் இன்னும் இறுகவில்லை. அதற்குள் உன் தலையில் பழியைப் போட்டுவிட்டார்கள். புக்கிட் பெலிம்பிங்கில் நாம் துளையிட்ட வாயுக் கிணறு வெடித்ததற்கு நீதான் காரணமாம். வயிறு எரிகிறது அண்ணே.

எல்லோரும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். துளையின் அடியில் உள்ள புதுக் கருவி, அங்கே அழுத்தம் எவ்வளவு என்று தட்டிச் சொல்லும். அந்தச் சத்தம் இரும்புக் குழாய் வழியாகவே ஏறி வரும். மேலே இன்னொரு கருவி அதைக் கேட்டு எண்ணாக்கும். கேட்கும்போது இயந்திரம் ஓடக்கூடாது, யாரும் குழாயைத் தட்டக்கூடாது. நம்மை வேலை வாங்கும் மண்டோருக்கு இது எங்கே புரிந்தது? தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டுக்கு, பேர் கூப்பிட்டு வேலை பிரிக்க, ஆள் கூப்பிட தண்டவாளத்தை அடித்துப் பழகிய கை. முதல் வாரம், தேத்தண்ணி நேரம் வந்ததும் சுத்தியலால் அந்தக் குழாயையே அடித்துவிட்டார். எண்கள் தாறுமாறாக ஓடின. எஞ்சினியர் தொப்பியை வீசி எறிந்தார், நாம் விழுந்து விழுந்து சிரித்தோம்.

கிணறு வெடித்த அன்று எஞ்சினியருக்கு அவசரம். "மெஷின நிப்பாட்டிக் கேளுங்க சார், சேறு கொதிக்குது லா!" என்று கத்தினாய். நிறுத்தாதே, ஓட்டு என்றார்.

பூமி உறுமியது. வாயு சேற்றைப் பீய்ச்சி அடித்தது. நீ ஏன் ஓடவில்லை? சுத்தியலை எடுத்துக் குழாயை ஓங்கி ஓங்கி அடித்தாய். அந்த இரைச்சலில் வாய் கத்தினால் கேட்காது, இரும்பு கேட்கும். நாங்கள் ஓடினோம். குழாய் பிய்த்துக்கொண்டு கிளம்பி உன் மார்பை உடைத்தது. உன் ரத்தம் என் சட்டையெல்லாம். அப்படியே போய் எஞ்சினியரின் முகத்தில் குத்தினேன், பல் தெறித்தது. வேலை போனது, போகட்டும்.

நீ தேத்தண்ணிக்கு அடித்ததால்தான் எண் தவறியது என்கிறது கம்பெனி. மண்டோரும் ஆமாம் போடுகிறார்! லயத்தில் அவர் வீட்டுக்கே போய்ச் சட்டையைப் பிடித்து உலுக்கினேன்.

"புள்ளகுட்டிக்காரன்டா, விட்டுடு" என்று அழுதார்.

ஓங்கிய கையை, என் பின்னாலேயே ஓடி வந்த அண்ணிதான் பிடித்தார். "இவர அடிச்சா உங்க அண்ணன் பேரு திரும்புமா தம்பி? விசாரணையில போய்ச் சொல்லுங்க."

நாளை கோலா சிலாங்கூரில் விசாரணை. கை ஓங்க மாட்டேன், சத்தியம். மண்டோரின் முகத்தைப் பார்த்து, எல்லோர் முன்னாலும் ஒன்றே ஒன்று கேட்பேன்: "அண்ணன் அடிச்சதும் செருப்பக்கூட விட்டுட்டு ஓடுனீங்களே, தேத்தண்ணிக்கா ஓடுனீங்க?"

நீ ஓடவைத்ததால் பிழைத்த,
உன் தம்பி