சைலன்சர் சத்தத்தை நம்பி அடித்த அடி

பாப்பாவுக்கு,

நானும் அம்மாவும் இங்கே கை கால் முடக்கமில்லாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் சளி இருமல் என்று படுக்காமல் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அம்மாவுக்கு முட்டிவலி முன்னைக்குப் பரவாயில்லை, மாடிப்படி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டிக்கொண்டே ஏறுகிறாள், படியைக் கட்டியது நான் இல்லை என்றால் காதில் வாங்குவதில்லை. எதிர்வீட்டு டெய்லர் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, நீ வருவாயா என்று கேட்டார், லீவு கிடைத்தால் வருவாள் என்று பொதுவாகச் சொல்லி வைத்தேன். இந்தக் காலத்தில் எவனாவது கடிதம் எழுதுவானா, போன் என்ன ஆயிற்று என்று நீ சிரிப்பாய். போனில் சொன்னால் பாதியில் நிறுத்திவிடுவேன், நீ லைன் போய்விட்டது என்று நினைத்து ஹலோ ஹலோ என்று கத்துவாய், அதனால் கடிதமே மேல்.

போன மாதம் நீ வாங்கிய பழைய டூ ஸ்ட்ரோக் வண்டியின் படத்தை அனுப்பினாயே, பின்னாலேயே அதை ஸ்டார்ட் செய்யும் வீடியோவும் அனுப்பினாயே, அப்பா நன்றாக இருக்கிறது என்று மட்டும் பதில் போட்டார், கோபமா என்று அம்மாவிடம் கேட்டாயாம். கோபம் இல்லை பாப்பா. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் குளியலறைக்குப் போய் வாந்தி எடுத்தேன். ஏன் என்று இருபத்தேழு வருஷமாக உனக்குச் சொல்லவில்லை. உன் சித்தப்பாவுக்கும் எனக்கும் சொத்துத் தகராறு என்றே சொல்லி வளர்த்தோம். எங்களுக்குச் சொத்து என்று ஒன்று இருந்ததே இல்லை, படித்த பெண் நீ, அதை ஒருநாளும் யோசித்துப் பார்க்கவில்லை.

உன்னிடம் இருக்கும் அதே வண்டிதான் எங்களிடமும் இருந்தது. எனக்கும் உன் சித்தப்பா குட்டையனுக்கும் சேர்த்து ஒரே வண்டி, ஒற்றைப்படைத் தேதி எனக்கு, இரட்டைப்படை அவனுக்கு. முப்பத்தொன்றாம் தேதியும் அடுத்த நாள் ஒன்றாம் தேதியும் எனக்கே வரும், அதற்காகவே மாதக் கடைசியில் இரண்டு பேரும் சட்டையைப் பிடித்துக்கொள்வோம், ஒருமுறை சாவிக்காக அவன் என் கையைக் கடித்துவிட்டான், நான் அவன் பல்லைப் பெயர்த்தேன், அப்புறம் இரண்டு பேரும் அதே வண்டியில் பல் டாக்டரிடம் போனோம். வண்டியும் எங்களுக்குச் சளைத்ததில்லை. கிக்கரைச் சரியாக மிதிக்கவில்லை என்றால் திருப்பி அடிக்கும், என் கெண்டைக்காலில் இருக்கும் தழும்பு அது கொடுத்ததுதான். ஆனால் எடுத்துவிட்டால் அடேயப்பா, அந்த இழுப்பு! பெட்ரோலில் மூடியால் அளந்து ஆயில் ஊற்றி, டேங்கை இரண்டு பக்கமும் ஆட்டிக் கலக்கி, பிளக்கை உப்புத்தாளில் தேய்த்துப் போட்டு ஓர் உதை விட்டால் நீலப்புகை கிளம்பும், அந்த வாசனைக்கு எனக்குப் பசியே எடுக்கும். நான் லேத் பட்டறையில் இருந்தேன் அல்லவா, சைலன்சருக்குள் இருக்கும் குழாயை லேத்தில் கொடுத்து நானே அரையடி வெட்டினேன், அதற்கப்புறம் எங்கள் வண்டி தெருமுனையில் திரும்பும்போதே உன் அம்மா அடுப்பைப் பற்றவைப்பாள். ஊரில் இந்தச் சத்தம் வேறு எந்த வண்டிக்கும் இல்லை என்று எங்களுக்கு ஒரு திமிர். அந்தத் திமிர்தான் எங்களைக் கெடுத்தது.

உனக்கு அப்போது எட்டு மாதம். பட்டறை வாசலில் நிறுத்தியிருந்த வண்டியை ஒரு வெள்ளிக்கிழமை பட்டப்பகலில் எவனோ தள்ளிக்கொண்டு போய்விட்டான். இரண்டு நாள் நானும் குட்டையனும் சோறு தண்ணி இல்லாமல் தேடினோம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பழைய மரக்கடைக்குப் பின்னால் இருக்கும் சந்தில் நடந்து வரும்போது, ஒரு தகரக் கொட்டகைக்குள்ளிருந்து அந்தச் சத்தம் கேட்டது. குட்டையன் அப்படியே நின்றுவிட்டான். "அண்ணே, நம்ம புள்ள அழுவுது" என்றான். அவன் வண்டியை அப்படித்தான் சொல்வான். அவனிடம் சைக்கிள் செயின் இருந்தது, அதைக் கையில் சுற்றிக்கொண்டான். என்னிடம் பட்டறையிலிருந்து எடுத்து வந்த முழ நீளக் கம்பி இருந்தது. திருடனைப் பிடிக்கத்தான் எடுத்து வந்தோம் என்று அப்புறம் எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டேன், பிடிப்பதற்குக் கம்பி எதற்கு பாப்பா.

கொட்டகைக்குள் ஒருவர் குந்தி உட்கார்ந்து வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதே கறுப்பு டேங்க். நம்பர் பலகையைக் கழற்றி வைத்திருந்தார், வேறென்ன சாட்சி வேண்டும் எங்களுக்கு. குட்டையன் செயினால் முதுகில் இழுத்தான். அந்த மனிதர் கவிழ்ந்து விழுந்தார், எழுந்தார், மறுபடி ஓர் இழுப்பு, சட்டையும் தோலும் சேர்ந்து கிழிந்தது. "இது என் வண்டிங்க, என் வண்டிங்க" என்று கத்தினார். திருடன் அப்படித்தான் கத்துவான் என்று எனக்கு இன்னும் வெறி ஏறியது. அவர் என் பக்கம் திரும்பி ஏதோ சொல்ல வாயைத் திறந்தபோது நான் கம்பியை வீசினேன். அது எங்கே பட்டது என்று கை முதலில் சொன்னது, அப்புறம்தான் நான் பார்த்தேன். லேத்தில் இரும்பு கடிபட்டால் கைக்குத் தெரியும், அதேபோல எலும்பும் தெரிந்தது. முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார், விரல் இடுக்கில் ரத்தம் கொட்டியது. திருடன் என்ற சத்தம் கேட்டுச் சந்தே திரண்டு வந்துவிட்டது. அவர் பத்து நாளைக்கு முன்னால்தான் அங்கே குடி வந்தவர், யாருக்கும் முகம் பழகவில்லை. ஆளுக்கு ஆள் கையை ஓங்கினார்கள். பனியனோடு ஓடிவந்த ஒரு பெரியவர், அந்த மனிதரை விலாவில் ஒரு மிதி மிதித்துவிட்டுத்தான் "என்னப்பா ஆச்சு?" என்று கேட்டார்.

வண்டியை வெளியே தள்ளலாம் என்று குனிந்த குட்டையன் நிமிரவே இல்லை. "அண்ணே, கிக்கர் ரப்பர் புதுசா இருக்கு" என்றான். எங்கள் வண்டியில் ரப்பர் பிய்ந்து கம்பி சுற்றி வைத்திருந்தோம். பக்கத்தில் ஒரு பழைய பேப்பரின் மேல் நம்பர் பலகை கிடந்தது, வெள்ளை பெயிண்ட் இன்னும் காயவில்லை, அது எங்கள் நம்பர் இல்லை. பழைய எழுத்து மங்கிப்போனதென்று அந்த மனிதர் ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாகத் தன் வண்டியின் நம்பரைத் தானே எழுதிக்கொண்டிருந்திருக்கிறார். சைலன்சர் குழாயை வெட்டுகிற கிறுக்கு என்னைப் போலவே அவருக்கும் இருந்திருக்கிறது, அவ்வளவுதான். திரும்பிப் பார்த்தேன், சந்தில் ஓர் ஈ காக்கை இல்லை, அத்தனை பேருக்கும் அந்த நிமிஷம் வீட்டில் வேலை வந்துவிட்டது.

ஓடிவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன், பொய் சொல்ல மாட்டேன். குட்டையன்தான் அவரைத் தூக்கினான். அவருடைய வண்டியிலேயே நடுவில் உட்கார வைத்து, அவன் பின்னாலிருந்து கட்டிப் பிடித்துக்கொள்ள, நான் ஓட்டினேன். ஒரே உதையில் எடுத்தது பாப்பா, எங்கள் வண்டிகூட ஒருநாளும் அப்படி எடுத்ததில்லை. என் தோளில் அவர் தலை ஆடி ஆடி மோதியது, முதுகுச் சட்டை சூடாக நனைந்து ஒட்டியது. அவர் கடிகாரம் ரிப்பேர் செய்பவர் என்று ஆஸ்பத்திரியில் அவர் மனைவி வந்து சொன்னபோதுதான் தெரிந்தது. பதினோரு நாள் நினைவில்லாமல் கிடந்து பிழைத்தார். வலது கண் போய்விட்டது. கடிகாரத்துக்கு லென்ஸ் வைத்துப் பார்க்கிற கண் அது.

ஆஸ்பத்திரி நடைபாதையில் போலீஸ் வருவதற்கு முன்னால் குட்டையன் என் காதோரம் வந்து சொன்னான்: "உனக்குக் கைக்குழந்தை இருக்குண்ணே. எனக்கு என்ன இருக்கு, ரெண்டு சட்டையும் ஒரு சீப்பும். நீ வாயத் தொறக்காத." நான் திறக்கவில்லை. கம்பி யார் கையில் இருந்தது என்று ஸ்டேஷனில் கேட்டதும் "என் கையிலதான், அண்ணன் தடுக்க வந்தாரு" என்றான். சொல்லி முடிப்பதற்குள் முதல் அறை விழுந்தது. மூன்று நாள் அவனை உள்ளே வைத்து அடித்தார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொரு அடியையும் கேட்டேன், அவன் அம்மா என்று கத்துவான், ஒருமுறைகூட அண்ணே என்று கத்தவில்லை. தடுக்கத்தான் போனேன் என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டேன். உன் அப்பாவின் கையெழுத்து அழகு என்று சின்ன வயதில் பெருமைப்படுவாயே, அதே கையெழுத்துதான். அவனுக்கு நாலு வருஷம் கிடைத்தது. எங்கள் வண்டி மூன்று வாரம் கழித்துச் செங்கல் சூளைக்குப் பின்னால் வாய்க்காலில் சக்கரமில்லாமல் கிடைத்தது, பழைய இரும்புக்காரனை வரச்சொல்லி ஏற்றிவிட்டேன், அதன்பிறகு வண்டி என்று எதன் மேலும் நான் உட்காரவில்லை.

முதல் வருஷம் மாதம் தவறாமல் ஜெயிலுக்குப் போனேன், அப்புறம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, அப்புறம் அவன் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லாமல் போகவே இல்லை. விடுதலையாகிற நாளன்று பஸ் ஸ்டாண்டு வரை போனேன், பஸ்ஸும் நின்றது, ஏறாமல் திரும்பி வந்து பஸ்ஸைத் தவறவிட்டேன் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அவன் ஜெயில் வாசலில் சாயங்காலம் வரை காத்திருந்துவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டானாம், எந்த ஊர் என்று காதில் விழுந்தும் நான் போகவில்லை.

உன் வீடியோ வந்த மறுநாள் நேராகக் கடிகாரக் கடைக்குப் போனேன். அத்தனை வருஷமாக அந்தத் தெருவையே சுற்றிக்கொண்டு போகிறவன். அவர் இடது கண்ணில் லென்ஸை வைத்துக் குனிந்திருந்தார். இன்னார் என்று சொல்லி, கம்பியை வீசியது என் தம்பி இல்லை நான்தான் என்று சொன்னேன். அவர் நிமிரவே இல்லை. "தெரியுமே. இன்னொரு கண்ணு நல்லாத்தானே இருந்துச்சு" என்றார். அப்புறம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "ரெண்டு பேருன்னு சொன்னேன். ஒருத்தன் ஒத்துக்கிட்டான், கேஸு முடிஞ்சுதுன்னாங்க. எனக்கு அப்ப தலையத் தூக்கி உக்காரவே முடியல, உன்னைய எங்க போய்த் தேடுறது? இப்ப வந்து சொன்னா உனக்கு நிம்மதியா இருக்கும், எனக்கு என்ன கிடைக்கும்? போய் அந்தப் பையன்கிட்ட சொல்லு" என்றார். உட்காரச் சொல்லவில்லை. அது நியாயம்தான்.

போன ஞாயிறு குட்டையனிடம் போனேன். ஆறு மணி நேர பஸ், அம்மாவும் வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றுவிட்டேன். நெடுஞ்சாலை ஓரத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கிறான், தலை முழுக்க நரைத்துவிட்டது, இடது கை சுண்டுவிரல் நிமிர்வதில்லை, அந்த மூன்று நாளில் போனது. ட்யூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தவன் என்னைக் கண்டதும் அதை அப்படியே விட்டான். கையைத் துணியில் துடைத்தான். நிதானமாக நடந்து வந்தான். நான் பேச வாயெடுப்பதற்குள் விட்டான் ஒரு குத்து. மூக்குக்கண்ணாடி தெறித்தது, நான் டயர் அடுக்கின் மேல் போய் விழுந்தேன், எழுந்ததும் இன்னொன்று. லாரிக்காரர்கள் இரண்டு பேர் பிடிக்க ஓடிவந்தார்கள், விடுங்க, அடிக்கட்டும் என்று நான்தான் கத்தினேன். மூன்றாவதற்குக் கையை ஓங்கியவன் என் கன்னத்தில் வழிந்த ரத்தத்தைப் பார்த்தான். ஓங்கிய கையாலேயே என் தாடையைப் பிடித்து வெளிச்சத்தின் பக்கம் திருப்பினான். "கண்ணுல படல இல்லண்ணே? கண்ணத் தொற. தொறந்து என்னப் பாரு" என்றான். பார்த்தேன் பாப்பா. இரண்டு பேரும் அந்த டயர் மேலேயே உட்கார்ந்து அழுதோம், லாரிக்காரர்கள்தான் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார்கள்.

உதட்டில் இரண்டு தையல், மேல்பல் ஒன்று ஆடுகிறது, வேறொன்றும் இல்லை, நீ பதறி டிக்கெட் போடாதே. அம்மா இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டாள், பஸ் விஷயம் அன்றைக்கே தெரியும் என்றாள். என் மேல் உனக்கு வெறுப்பு வந்தால் வரட்டும், அதை மறைத்து எழுதாதே. வண்டியை ஓட்டு, ஆசையாக ஓட்டு, டேங்கை ஆட்டிக் கலக்க மறக்காதே, பிளக் ஒன்று கூடுதலாக வைத்துக்கொள், ஹெல்மெட் இல்லாமல் தெருமுனைக்குக்கூடப் போகாதே. முக்கியமாக, சித்தப்பாவின் போன் நம்பரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். கடை சாத்தியிருக்கும் செவ்வாய்க்கிழமை கூப்பிடு. யார் என்று கேட்பான், எட்டு மாதத்துக் குழந்தை பேசுகிறேன் என்று சொல்.

நீயும் மாப்பிள்ளையும் ஒருவர் கை ஒருவரைத் தாங்க நூறு வயது நன்றாக இருக்க வேண்டும்.

உன் அப்பா